படத்தில் வந்த பேய் எங்கள் பெடாக்கு அக்கா

ஜொகூர் முழுவதையும் போர்வைக்குள் ஒளிய வைத்த அந்தப் பேய்க்கு வெற்றிலையில் சுண்ணாம்பு ஒரு பொட்டு கூடிவிட்டால் பொறுக்காது. நாக்கு பொத்துப் போய்விடும். வெள்ளைக்காரத் துரையில் ஆரம்பித்து என் மாமியார் வரைக்கும் ஒருவர் விடாமல் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் துப்பும். இது எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? வெற்றிலை மடித்துக் கொடுத்தவளே நான்தான்.

நீங்களும் அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். மலாய்ப் படம். பெயரை நான் எழுதப்போவதில்லை. பொழுது சாய்ந்த பிறகு அந்தப் பெயரை வாயால் சொல்லாதவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள், அவர்களும் இந்தப் பத்திரிகையைக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார்கள். பிள்ளை பெறும்போது செத்துப்போன ஒருத்தி பேயாகி வருவாள். வெள்ளைத் துணி, விரிந்த கூந்தல், மாவு அப்பிய முகம், வாய் நிறைய ரத்தம். அவள் வருவதற்கு முன்னால் பூ வாசம் வரும். வாழைமரத்தடியில் குந்திக்கொண்டு மண்ணைத் தோண்டுவாள். பிடரியில் ஓர் ஆணியை அடித்துவிட்டால் அழகான பொம்பளையாக மாறி, சோறாக்கிப் போட்டுக்கொண்டு குடித்தனம் நடத்துவாள்.

ஜொகூர் பாருவில் அது ஓடியபோது என் மூத்த மகள் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். பேய் வாழைமரத்தடிக்கு வந்ததும் கொட்டகையில் பாதிப் பேர் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை. வயிறு வலிக்கச் சிரித்தேன். டார்ச்சு அடித்துக்கொண்டு கொட்டகை ஆள் வந்துவிட்டான்.

"யம்மா, எல்லாரும் பயந்துக்கிட்டு பாக்கறாங்க. நீங்க மட்டும் சிரிச்சா எப்படி லா? பயப்படத்தானே காசு குடுத்து வந்திருக்காங்க?"

"தம்பி, அது எங்க அக்காப்பா" என்றேன்.

அவன் என் மகளைப் பார்த்த பார்வையில், இந்தம்மாவுக்கு எத்தனை நாளாக இப்படி என்று கேட்பது போலிருந்தது. இரண்டு பேரும் எழுந்து வெளியே வந்துவிட்டோம். அங்கே படத்தின் தட்டிக்குப் பக்கத்தில், கோட்டு மாட்டிக்கொண்டு, போகிற வருகிறவர்கள் முகத்தையெல்லாம் பார்த்தபடி ஒருவர் நின்றிருந்தார். தலை வழுக்கை, ஆனால் அந்த மூக்கை எங்கே கண்டாலும் எனக்குத் தெரியும். எங்கள் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதிய, மூவார் ஊர்க் கிராணி!

"ஐயா, நீங்களா? நான்தான், மேட்டு லயத்துப் பாக்கியம்."

"பாக்கியமா! படம் எப்படி இருந்துச்சும்மா? கதை என்னுது. சிங்கப்பூர்ல அந்தக் கம்பெனிக்குத்தான் கணக்கு எழுதறேன். சாப்பாட்டு வேளையில நம்ம தோட்டத்துல நடந்ததை ஒருநாள் சொன்னேன். அப்படியே எடுத்துட்டாங்க."

"அப்படியே எடுத்தாங்களா? நீங்க மயங்கி விழுந்த எடத்தைக் காணோமே ஐயா?"

கிராணி கோட்டுப் பொத்தானைத் திருகினார். "அதெல்லாம் படத்துக்கு எடுபடாதும்மா" என்றார்.

எடுபடாதாம். அதனால்தான் நான் எழுதுகிறேன்.

அவளுடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. பெடாக்கு அக்கா என்றால் பொந்தியான் போகிற சடக்கில், அந்த ரோட்டோரம் இருந்த தோட்டத்துக்கெல்லாம் தெரியும். எங்கள் தோட்டத்துக்கு அவள்தான் மருத்துவச்சி. ஜப்பான்காரன் வருவதற்கு முந்திய காலம் அது. ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் மாட்டு வண்டியில் போய்ச் சேருவதற்குள் பிள்ளை பாதி வழியில் பிறந்து, வண்டிக்காரன் பெயரை வைத்துக்கொண்டு திரும்பி வரும். ஆகவே அக்காதான்.

பெடாக்கு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஊறிய அரிசியை நைசாக அரைத்து, மல்லிகையும் பண்டான் இலையும் போட்டு வாசமேற்றி, சொட்டுச் சொட்டாக விட்டுக் காயவைத்த வெள்ளை மாவு. கம்பம் என்கிற மலாய்க் கிராமத்துப் பெண்கள் வெயிலுக்கு இதமாகத் தண்ணீரில் குழைத்து முகத்தில் லேசாகத் தடவிக்கொள்வார்கள். எங்கள் அக்காவுக்கு லேசாக என்ற சொல்லே தெரியாது. அடுப்புக்கரி நிறத்து முகத்தில், மாரியம்மன் கோயில் சுவருக்கு வெள்ளையடிக்கிற மாதிரி அப்பிக்கொள்வாள். கேட்டால் அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தாள்.

"பொறக்கற புள்ள மொதல்ல பாக்கற மூஞ்சி என் மூஞ்சி. அது குளுகுளுன்னு இருக்க வேணாமாடி? உங்க மூஞ்சிங்களைத்தான் பொறவு காலமெல்லாம் பாக்கப் போவுதே!"

பொழுது சாய்கிற நேரத்தில் குளித்துவிட்டு இதைப் பூசியாக வேண்டும். இடி விழுந்தாலும் நிறுத்த மாட்டாள். ஈரத் தலையை முடியவும் மாட்டாள். உடுத்துவது துரை பங்களாவில் கழித்துப் போட்ட படுக்கை விரிப்பு. பங்களா ஆயாவுக்கு அக்கா பிரசவம் பார்த்ததிலிருந்து, அந்த வீட்டில் எந்த விரிப்பு நைந்தாலும் அது அக்காவுக்குச் சேலை. வாயில் எந்நேரமும் வெற்றிலை. போதாததற்கு அந்தச் சிரிப்பு. பிரசவ வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டால் வயிற்றிலிருக்கும் பிள்ளை வெளியே வர யோசிக்கும் என்பது அவள் சித்தாந்தம். அதனால் வலி கண்ட வீட்டுக்குள் நுழையும்போதே, கித்தா என்கிற ரப்பர் மரத்திலிருந்து காக்கா பறக்கிற அளவுக்குச் சிரித்துக்கொண்டு நுழைவாள்.

இத்தனையையும் மாலை மங்கலில், மரங்களுக்கு நடுவே, தனியாக நடக்கவிட்டுப் பாருங்கள். படக் கம்பெனிக்காரனுக்கு வேறு என்ன செலவு?

முதலில் மாட்டிக்கொண்டவர் பாக் மாட். பக்கத்துக் கம்பத்திலிருந்து சைக்கிளில் வந்து ஸ்டோருக்குக் காவல் பார்க்கிற ஜாகா. ஒருநாள் சாயங்காலம் அக்கா வாழைமரத்தடியில் குந்திக்கொண்டு மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை பிறந்த வீட்டு நஞ்சுக்கொடியை நாய் இழுக்காமல் புதைக்க வேண்டாமா? வேலையில் மும்முரமாக இருந்தவள், சைக்கிள் சத்தம் கேட்டுத் திரும்பி, மரியாதைக்கு ஒரு சிரிப்புச் சிரித்திருக்கிறாள்.

"அலமாக்! ஹந்து! ஹந்து!" பேய், பேய் என்று அலறிய பாக் மாட் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடியே போனார்.

அக்கா நியாயஸ்தி. அடுத்தவர் பொருள் அவளுக்கு எதற்கு? மறுநாள் சாயங்காலம் குளித்து, மாவு பூசி, கூந்தலை உலரவிட்டுக்கொண்டு, சைக்கிளைத் தள்ளியபடி பாக் மாட் வீட்டுக்கே புறப்பட்டுப் போனாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று "பாக் மாட், பாக் மாட்" என்று விசாரித்திருக்கிறாள். கம்பம் முழுவதும் கதவும் சன்னலும் படபடவென்று அடைபட்டன. சைக்கிளைப் படிக்கட்டில் சாத்திவிட்டுத் திரும்பி வந்தவளுக்கு ஒரே கோபம்.

"சைக்கிளைத் திருப்பிக் குடுக்கப் போனா ஒரு வாய் தண்ணி குடுக்க ஆளில்லடி அந்தக் கம்பத்துல! நல்ல பாட்டாளி சனங்கன்னு நெனச்சேன், மரியாதையே தெரியல."

பேய் தன் வீடு வரைக்கும் சைக்கிள் கொண்டுவந்து விட்டதை பாக் மாட் சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

ஆனால் அக்காவைப் பெரிய பேயாக்கியது அவிழ்ப்பு. நம் சனத்தில் இது உண்டு. ஒருத்திக்கு வலி கண்டு, பிள்ளை இறங்காமல் முரண்டினால், வீட்டில் உள்ள முடிச்சையெல்லாம் அவிழ்த்துவிடுவார்கள். பூட்டைத் திறப்பார்கள், பெட்டி மூடியை எடுப்பார்கள். வெளியே கட்டு விட்டால் உள்ளே கட்டு விடும். மற்ற ஊர்களில் இது வீட்டோடு நிற்கும். அக்காவுக்கு வீடு பற்றாது, தோட்டமே வேண்டும். லயம் லயமாக, ஒரு வீட்டு வரிசை விடாமல் போய் ஆட்டுக் கயிற்றை அவிழ்ப்பாள். கோழிக் கூண்டைத் திறப்பாள். பெரிய கங்காணியை வழியில் நிறுத்தி, "தலப்பாவை அவுருங்க. அங்க ஒருத்தி முக்கறா, இங்க நீங்க இறுக்கிக் கட்டிக்கிட்டு நிக்கறீங்களே" என்பாள். கங்காணிக்குப் பெண்டாட்டி உண்டு, வீட்டுக்குப் போயாக வேண்டும். மறுபேச்சுப் பேசாமல் அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொள்வார்.

கள்ளுக்கடைப் பீப்பாயும் மூடிக் கிடக்கக் கூடாது என்று அவள் ஒருமுறை சொல்லப்போக, தோட்டத்து ஆம்பளைகளுக்கு இந்தச் சாஸ்திரத்தில் பெரும் பக்தி வந்துவிட்டது. "ஏம்ப்பா, யாருக்காச்சும் வலி வந்துருச்சா?" என்று தினமும் சாயங்காலம் லயத்து வாசலில் அக்கறையாக விசாரிப்பார்கள்.

அவிழ்த்துவிட்ட ஆடுகள் சும்மா இருக்குமா? ஒரு பிரசவத்தன்று பங்களாவுக்குள் புகுந்து துரைசானியம்மா வைத்திருந்த ரோசாச் செடிகளை வேரோடு தின்றுவிட்டன. அதோடு துரை உத்தரவு போட்டார்: இனி எதையும் எவரும் அவிழ்க்கக் கூடாது. முக்கியமாக, ரப்பர் ஷீட்டு அடுக்கிவைத்த ஸ்டோர் பூட்டை யாரும் தொடக் கூடாது. சாவியைப் புதிதாக வந்த கிராணியிடம் கொடுத்தார்.

அவர்தான் நம் மூவார்க்காரர். இளவட்டம், கல்யாணம் ஆகாதவர், ஆபீசுக்குப் பின்னால் தனி வீடு. வந்து சேர்ந்ததுமே பாக் மாட் அவரைப் பிடித்துக்கொண்டார். வாழைமரம், சைக்கிள் எல்லாம் சொல்லி, வைத்தியத்தையும் சொல்லிக்கொடுத்தார். பிடரியில் ஆணி அடிக்க வேண்டும். அடித்தால் பேய் அழகான பெண்ணாகும், அப்புறம் சொன்ன பேச்சைக் கேட்கும். அக்காவைப் பகலில் மட்டும், மூஞ்சி கழுவிய கோலத்தில் மட்டும் பார்த்திருந்த கிராணிக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை. ஓர் ஆணியும் சுத்தியலும் வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு நிறைமாதம். தலைப்பிரசவம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். என் கூடப்பிறந்த அக்காளைச் செனாய்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. அதற்கு முந்திய மழைக்காலத்தில் தலைப்பிள்ளை பெறும்போது போய்விட்டாள். பிள்ளையும் போய்விட்டது. எனக்கு வயிறு தெரிந்த நாளிலிருந்து மனசுக்குள் ஒரே எண்ணம், அவள் போன வழியில்தான் நானும் போவேன் என்று. பெடாக்கு அக்காவுக்கு வெற்றிலை மடிக்கிற சாக்கில் தினமும் அவள் பக்கத்தில் போய் உட்காருவேன். வேறு யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன்.

"அக்கா, நான் செத்துருவேன்க்கா."

"செத்தா என்னாவ தெரியுமா? புள்ள பெறப் போயி செத்தவதான் பேயாவாளாம், கம்பத்துல சொல்றாங்க. இந்தத் தோட்டத்துக்கு ஒரு பேய் போதும்டி. நான் இருக்கேன்ல? எடம் காலி இல்ல. போயி வேலையப் பாரு."

வலி ஒரு காலையில் கண்டது. உச்சி வெயில் போய், சாய்ந்த வெயிலும் போய், தூறல் போட ஆரம்பித்தது. பிள்ளை இறங்கவில்லை. துரை உத்தரவாவது ஒன்றாவது, அக்கா எல்லாவற்றையும் அவிழ்க்கச் சொல்லிவிட்டாள். என் வீட்டுக்காரர் லயம் முழுக்க ஓடி ஓடி ஆட்டுக் கயிற்றை அவிழ்த்தார். ஓடிய அவரை நிறுத்தி, "உன் வேட்டியில என்னடா முடிச்சு?" என்றாள். பாவம், அதையும் அவிழ்த்து ஒரு கையில் இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் கையாலேயே மிச்ச ஆடுகளை அவிழ்த்தார்.

எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. என் மாமியார் மூலையில் நின்று மூக்கைச் சிந்தினார். அக்கா திரும்பினாள்.

"அழுவற ஆளுங்க வெளிய போங்க! சிரிக்கறவங்க மட்டும் நில்லுங்க. சிரி ஆயி!"

"எப்படிடி சிரிப்பேன், இவ இப்படிக் கெடக்கறப்ப?"

"அப்ப மூளையையாவது தொறங்க. இந்தத் தோட்டத்துல இன்னும் எது பூட்டிக் கெடக்கு?"

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "ஸ்டோருதான். சாவி கிராணி இடுப்புல."

அக்கா எழுந்தாள். நேராகக் கிராணி வீட்டுக்குப் போனாள் என்றுதானே நினைக்கிறீர்கள்? குளிக்கப் போனாள்! பொழுது சாய்ந்துவிட்டதல்லவா? நான் பாயில் கிடந்து பல்லைக் கடிக்கிறேன், பின்னால் மளார் மளார் என்று தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்கிறது. வந்து, நிதானமாக மாவைக் குழைத்து அப்பிக்கொண்டு, புதிதாக வந்த விரிப்பைச் சுற்றிக்கொண்டு, என் தலையை ஒரு தடவு தடவினாள்.

"வந்துர்றேன். அதுக்குள்ள எங்கயும் போயிராத, என்ன?" என்று சொல்லிவிட்டுத் தூறலில் இறங்கிவிட்டாள்.

கிராணி வீட்டில் நடந்தது இது. இதில் பாதி அக்கா சொன்னது, பாதியைக் கிராணியே ரொம்ப காலம் கழித்து என் வீட்டுக்காரரிடம் ஒத்துக்கொண்டார்.

மழை இருட்டு. தனி வீடு. முதலில் மல்லிகை வாசம் வந்திருக்கிறது. அப்புறம் கதவில் தட்டல்.

"கெராணி! தொற! சாவி வேணும்! ஓர் உசுரு தொங்குது!"

மனுஷன் என்ன நினைப்பார்? போதாக்குறைக்கு, பயந்த ஆளைத் தைரியப்படுத்துகிறேன் என்று அக்கா தன் சிரிப்பைச் சிரித்துக் காட்டியிருக்கிறாள். கிராணி கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒரு கையில் ஆணி, ஒரு கையில் சுத்தியலோடு கதவைத் திறந்தார். அக்கா அவர் முகத்தையே பார்க்கவில்லை. இடுப்பில் சாவி தெரிந்தது, குனிந்து அதைப் பிடித்தாள். குனிந்த தலையில் குத்துமதிப்பாக ஆணியை வைத்து ஓங்கி ஒரு போடு போட்டார் கிராணி. கண்ணை மூடிக்கொண்டு போட்ட போடு, சுத்தியல் அவர் கட்டைவிரல் மேலேயே விழுந்தது. ஆணி அந்த அடர்ந்த ஈரக் கூந்தலுக்குள் செருகி நின்றுகொண்டது.

அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். வெற்றிலை வாயோடு, ரொம்பச் சாந்தமாகத்தான் கேட்டாளாம்.

"என்னடா தம்பி, எனக்குப் பூ வைக்கறியா?"

கிராணி வலது கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். பாக் மாட் சொன்னபடி பேய் அழகான பெண்ணாக மாற வேண்டிய நேரம். கொஞ்சம் காத்திருந்து பார்த்தார். மாறவில்லை. அப்போதுதான் விழுந்தாராம்.

அவரைத் தாண்டிப் போய் ஸ்டோரைத் திறந்து, இரண்டு கதவையும் விரியப் போட்டுவிட்டு, அக்கா லயத்துக்கு ஓடிவந்தாள். நான் அந்நேரம் பிழைப்பேன் என்ற நம்பிக்கையை விட்டுவிட்டேன். மாமியார் கூப்பிடுவது எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி இருந்தது. என் அக்காள் முகம் வந்தது. வாடி என்கிறாளா, வராதே என்கிறாளா என்று தெரியவில்லை.

"பாக்கியம்! ஏ பாக்கியம்! கண்ணத் தொற!"

திறந்தேன். மழையில் பாதி கரைந்த மாவு கோடு கோடாக வழிகிற முகம் என் முகத்துக்கு நேரே இருந்தது. அதன் காதோரம் துருப்பிடித்த ஆணி ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

"பாருடி இதை! புருசன் செத்து எத்தன வருசம், எவனாவது எனக்கு ஒரு பூ வாங்கித் தந்திருப்பானா? கெராணி கொண்டை ஊசி குத்திவிட்டிருக்கான்டி! குத்திட்டு, வெக்கத்துல மயங்கி விழுந்துட்டான்!"

என் மாமியார்தான் முதலில். மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தவர் களுக் என்றார். அடுத்து எனக்கு. எங்கிருந்து வந்ததோ, அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அடக்க அடக்கத் திரும்பத் திரும்ப வந்தது. "அதான்! அதான்! சிரிடி!" என்று அக்கா கீழே உட்கார்ந்தாள். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக என் மூத்தவள் வந்து விழுந்தாள். படம் பார்க்க என்னைக் கூட்டிப்போனாளே, அவளேதான்.

ஸ்டோர் பூட்டு திறந்ததால் வந்தாளா, நான் சிரித்ததால் வந்தாளா என்று படித்தவர்கள் கேட்பார்கள். எனக்குத் தெரியாது. இரண்டையும் செய்தது ஒரே ஆள்.

ஸ்டோர் அன்று ராத்திரி முழுக்கத் திறந்தே கிடந்தது. ஒரு ஷீட்டும் காணாமல் போகவில்லை. பேய் திறந்த கதவுக்குள் எவன் போவான்? துரைக்கே அது பிடித்துப்போய், அப்புறம் அவர் உத்தரவைப் பற்றிப் பேசவில்லை. கிராணி கட்டுப் போட்ட விரலோடு மூவாருக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டார்.

படத்தில் அவளுக்குக் கோரைப்பல் வைத்திருந்தார்கள். மேல் வரிசையில் பாதிப் பல்லே கிடையாது எங்கள் அக்காவுக்கு. பிள்ளையின் ரத்தத்தைக் குடிக்கிறாள் என்று காட்டினார்கள். அவள் குடித்ததெல்லாம் வரக்காப்பி, அதுவும் சீனி போடாமல். பிள்ளை பெறப்போய்ச் செத்தவள் என்று காட்டினார்கள். அதற்குத்தான் எனக்கு ரொம்பக் கோபம். அவள் இருந்த காலத்தில் எங்கள் தோட்டத்தில் அப்படி ஒருத்தியைக்கூட அவள் சாக விட்டதில்லை.

பிள்ளை பிறந்த மறுநாள் காலை நான் கண் விழித்தபோது வெயில் உள்ளே வந்திருந்தது. மாமியார் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டிருந்தார். கால்மாட்டில் அக்கா சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்த வாக்கில் தூங்கிக்கொண்டிருந்தாள். மாவெல்லாம் உதிர்ந்து, வெறும் முகம். அந்த முகம் இவ்வளவு சின்னது என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவளுடைய இரண்டு கையும் என் இடது பாதத்தைச் சுற்றிப் பிடித்திருந்தன.

"ஏன் இப்படிப் புடிச்சிக்கிட்டுத் தூங்கறாங்க?" என்றேன்.

மாமியார் குரலைத் தணித்துக்கொண்டார். "உனக்கு உதிரம் நிக்கலைடி. காலு சில்லிட்டுப் போனா ஆளு போச்சாம். சூடு இருக்கா, சூடு இருக்கான்னு புடிச்சிப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா. நான் மாத்திப் புடிக்கறேன்னேன், விடல. அவ சிரிக்காம இருந்து நான் நேத்து ராத்திரிதான் பாத்தேன்."

பிள்ளை சிணுங்கியது. எழுந்து வாங்கிக்கொள்ள ஆசையாக இருந்தது. பாதம் அவள் கைக்குள்ளேயே மரத்துப் போயிருந்தது. நான் அசைக்கவில்லை.